வலென்சியாவின் வியாழக்கிழமை நீதிமன்றமும் என் பழைய கணக்கும்

முப்பது வருஷத்துக்கு மேல் வாய்க்காலும் மதகுமாகக் காலம் தள்ளியவனுக்கு எந்த ஊருக்குப் போனாலும் கண் தண்ணீரைத் தேடித்தான் போகும். 2018 அக்டோபரில் நானும் மனைவியும் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று ஸ்பெயினில் உள்ள வலென்சியாவுக்குப் போயிருந்தோம். "அப்பா, கடற்கரை இருக்கு, மியூசியம் இருக்கு, முதல்ல எங்கே போகலாம்?" என்று மகள் கேட்டாள். "வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு இந்த ஊர் பேராலயத்து வாசலுக்கு" என்றேன். ஊருக்கு வந்து மூன்று நாள்கூட ஆகாத மனுஷனுக்கு இது எப்படித் தெரியும் என்று அவளுக்கு ஆச்சரியம்.

எனக்கு அது உத்தியோகத்தில் சேர்ந்த புதிதிலேயே தெரியும். பயிற்சி வகுப்பில் ஒரு பேராசிரியர் சொன்னார்: ஸ்பெயினில் ஒரு கோர்ட் இருக்கிறது, அதில் வக்கீல் கிடையாது, காகிதம் கிடையாது, நீதிபதிகள் எல்லோரும் விவசாயிகள். கதை விடுகிறார் என்று நினைத்தோம்.

அந்த வியாழக்கிழமை நேரில் பார்த்தேன். பேராலயத்தின் "அப்போஸ்தலர் வாசல்" என்ற பக்க வாசலுக்கு முன்னால் ஒரு வட்டக் கம்பி வேலி. அதற்குள் எட்டுப் பழைய நாற்காலிகள். மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்ததும் கறுப்பு மேலங்கி அணிந்த எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கு ஆளுக்கொரு பிரதிநிதி. தாங்களே நிலத்தில் பாடுபடுகிறவர்களைத்தான் அந்தந்த வாய்க்கால் விவசாயிகள் தேர்ந்தெடுப்பார்கள். சேவகர் எழுந்து ஒவ்வொரு வாய்க்காலின் பெயராகச் சொல்லி, அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் உண்டா என்று உரக்கக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. எட்டாவது பெயரும் முடிந்தது. சபை எழுந்து போய்விட்டது. மொத்தம் ஐந்து நிமிஷம் இருக்கும். கேமராவும் கையுமாக நின்ற சுற்றுலாக் கூட்டத்துக்கு ஒரே ஏமாற்றம். என் மனைவி, "இதுக்கா காலையிலேர்ந்து அவசரப்படுத்தினீங்க?" என்று கேட்டாள்.

வழக்கு இல்லாத வியாழக்கிழமைகள்தான் அங்கே அதிகம். முக்கால்வாசித் தகராறு வாய்க்கால் கரையிலேயே தீர்ந்துவிடும். தீராதது மட்டும் இங்கே வரும். முறை தப்பித் தண்ணீர் எடுத்தவன், அடுத்தவன் வயலில் பாயவிட்டவன், தன் பங்கு வாய்க்காலைத் தூர் வாராதவன், இப்படிப்பட்ட வழக்குகள்தான். குற்றம் சாட்டப்பட்டவனின் வாய்க்காலுக்கு உரிய பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். வலென்சிய மொழியில் வாயாலேயே விசாரணை, அங்கேயே தீர்ப்பு, அப்பீல் கிடையாது. யார் பேசலாம், யார் சும்மா இருக்க வேண்டும் என்பதைத் தலைவர் காலால் சுட்டிக் காட்டுவது பழைய வழக்கமாம். நம் ஊரில் ஒருவரைக் காலால் காட்டினால் அதுவே இன்னொரு வழக்காகிவிடும்!

கி.பி. 960இல், குர்துபா கலீபாக்கள் ஆட்சியில், இது ஆரம்பித்தது என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. தேதிக்குச் சாசனம் எதுவும் கிடையாது. ஆனால் அரபிகள் விட்டுப்போன தடம் சந்தேகமில்லாமல் இருக்கிறது. பாசன வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் உள்ள "அசேகியா" என்ற சொல், "அஸ்ஸாகியா" என்ற அரபுச் சொல்தான். 1238இல் முதலாம் ஹைமே என்ற கிறிஸ்தவ அரசர் வலென்சியாவைப் பிடித்தபோது, ஆட்சி மாறினாலும் வாய்க்கால் வழக்கம் மாற வேண்டாம், இதுவரை நடந்தபடியே நடக்கட்டும் என்று விட்டார். (இடையில் ஒரு சின்ன விஷயம். அந்த ஊர் முழுக்க ஆரஞ்சு மரம். ஆரஞ்சுக்கு அவர்கள் சொல்லும் "நரன்ஹா" அரபி, பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகப் பின்னோக்கிப் போனால் ஒரு திராவிடச் சொல்லில் முடிகிறது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, ஆரம்பிச்சுட்டீங்களா" என்றாள்.) 2009இல் யுனெஸ்கோ இந்த நீதிமன்றத்தை மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

இந்த நீதிமன்றத்துக்கும் இந்தியாவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பெரிய பாசன வேலைகளைத் தொடங்கிய வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. இங்கிலாந்தில் பாசனமே கிடையாது, அங்கே மழை போதும். யாரிடம் கற்றுக்கொள்வது? மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு ஆள் அனுப்பினார்கள். பெயர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் வட இத்தாலி வாய்க்கால்களைப் பற்றி 1852இல் ஒரு புத்தகம் எழுதினார். அவரே பிறகு நம் பக்கம் வந்து காவிரி, கிருஷ்ணா, கோதாவரி பாசன வேலைகளைப் பார்த்து 1856இல் இன்னொன்று வெளியிட்டார். நீலகிரிக்குச் சிங்கோனா கொண்டுவந்த கிளெமெண்ட்ஸ் மார்க்கம் கிழக்கு ஸ்பெயின் பாசனம் பற்றி 1867இல் அறிக்கை கொடுத்தார். அதே சமயத்தில் ஸ்காட் மான்கிரீஃப் என்பவரும் இந்திய சர்க்காருக்காக பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி என்று சுற்றி, "தென் ஐரோப்பாவில் நீர்ப்பாசனம்" என்று ஒரு பெரிய அறிக்கை எழுதினார்.

அந்தச் சீமையில் அப்படி என்ன விசேஷம்? வலென்சியாவில் வருஷத்துக்குச் சுமார் 450 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் இலையுதிர் காலத்தில். கோடையில் வானம் துடைத்து விட்டாற்போல் இருக்கும். நமக்கு வெப்பமும் மழையும் ஓரளவு சேர்ந்தே வருகின்றன, பருவக்காற்றின் தயவு. மத்தியதரைக் கடல் ஓரத்தில் எல்லாம் தலைகீழ். மழை வரும்போது பயிர் வளர வெயில் போதாது, வெயில் வரும்போது மழை கிடையாது. எனவே குளிர்கால மழையில் கோதுமை, மழையே இல்லாமல் தாக்குப்பிடிக்கும் ஆலிவ், வேரை ஆழமாக விடும் திராட்சை என்ற மூன்றோடு அந்த நாகரிகம் ரொம்ப காலம் ஓடியது. கோடையில் நெல்லும் ஆரஞ்சும் காய்கறியும் வேண்டுமானால் ஆற்றைத்தான் நம்ப வேண்டும். மலையிலிருந்து வரும் அந்த ஆறும் கோடையில் இளைத்துப்போகும். பங்கு போடாமல் பிழைக்க முடியாது.

இவர்கள் பங்கு போட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. வாய்க்காலுக்கு இத்தனை கன அடி என்று எழுதி வைக்கவில்லை. ஆற்றில் வருவதில் இத்தனை பாகம் என்று வைத்தார்கள். ஆறு பெருத்தால் எல்லோருக்கும் பெருக்கும், சிறுத்தால் எல்லோருக்கும் சிறுக்கும். வாய்க்காலுக்குள் விவசாயிகள் வரிசைப்படி பாய்ச்சுவார்கள். தன் முறை வந்தவன் தேவைக்கு எடுக்கலாம், வீணாக்கக் கூடாது. முறையைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். கடும் வறட்சி என்றால் விதி மாறும். எவன் பயிர் வாடி நிற்கிறதோ அவனுக்கு முதலில். தண்ணீர் நிலத்தோடு சேர்ந்தது, தனியாக விற்கக் கூடாது. தெற்கே கொஞ்ச தூரத்தில் அலிகாந்தேயில் இதற்கு நேர் எதிர். அங்கே தண்ணீர் உரிமை தனி, நிலம் தனி. தண்ணீரை ஏலம் போட்டு விற்றார்கள். இரண்டு ஊரும் பல நூற்றாண்டு பிழைத்து வந்தன.

இனி என் பழைய கணக்குக்கு வருகிறேன்.

1948இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஹோவர்ட் பென்மன் என்ற விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். வெயில், காற்று, ஈரப்பதம், வெப்பம் என்ற நான்கும் தெரிந்தால், நிலத்திலிருந்தும் புல்லிலிருந்தும் ஒரு நாளில் எவ்வளவு நீர் ஆவியாகும் என்று கணக்கிட அதில் ஒரு சூத்திரம் இருந்தது. அதாவது பயிரின் தாகத்தை, பயிரைக் கேட்காமலே வானத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். தென் ஸ்பெயினின் கோடையில் இது ஒரு நாளைக்கு ஆறு ஏழு மில்லிமீட்டர் வரை போகும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் பத்தாயிரம் லிட்டர்.

எழுபதுகளில் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் இந்தச் சூத்திரத்தைப் பயிர்வாரியாக அட்டவணை போட்டுப் புத்தகமாக்கியது. 1979இல் வந்த இன்னொரு புத்தகம், தண்ணீர் இவ்வளவு குறைந்தால் மகசூல் இவ்வளவு குறையும் என்று சொன்னது. பிறகு எல்லாமே கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. தொண்ணூறுகளில் "கிராப்வாட்", 2009இல் "அக்வாகிராப்". அக்வாகிராப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான எலியாஸ் ஃபெரெரெஸ் ஸ்பெயினின் கோர்தோபா நகரத்தில் பணியாற்றியவர். மேலே சொன்ன குர்துபாவும் அதுவும் ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த அட்டவணைப் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. வேதப்புத்தகம் மாதிரி வைத்துக்கொண்டேன். மழை சரியில்லாத ஒரு வருஷம், தஞ்சைப் பக்கம் ஒரு கிளை வாய்க்காலுக்கு முறைப்பாசன அட்டவணை போடும் வேலை எனக்கு வந்தது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கால்குலேட்டரில் கணக்குப் போட்டேன். பயிருக்கு இத்தனை மில்லிமீட்டர், வாய்க்கால் நஷ்டம் இத்தனை சதவீதம், மதகு இத்தனை மணி நேரம் திறக்க வேண்டும் என்று எல்லாம் அழகாக ஒரே தாளில். பெருமையோடு கொண்டுபோய் அந்த வாய்க்காலின் பழைய நீர்பாய்ச்சிப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"கணக்கு சரியாத்தான் இருக்கும் ஐயா. தண்ணி பத்தலேன்னா யாரு காயணும்னு அதுல எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

எழுதவில்லை. பற்றும் என்று வைத்துத்தான் கணக்கே போட்டிருந்தேன். தண்ணீர் பற்றவில்லை. தலைமடைக்காரர்கள் என் மணி நேரத்தை மதிக்கவில்லை, ராத்திரியில் பலகையைத் தூக்கிவிட்டார்கள். கடைமடையில் சுமார் நூறு ஏக்கர் கதிர் வரும் சமயத்தில் கருகியது. அந்தப் பெரியவரின் ஒன்றரை ஏக்கரும் அதில் அடக்கம். என்னை யாரும் குறை சொல்லவில்லை, மேலிடத்தில்கூடக் கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓய்வு பெற்றபின், மகளின் உபயத்தில் இன்டர்நெட்டில் மேயும்போதுதான், என் பெரியவர் கேட்ட கேள்வியை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. ஆர்தர் மாஸ் என்ற அரசியல் பேராசிரியர் அவர். ஆற்றையும் அணையையும் கணித மாதிரிகளாக மாற்றிக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்த குழுவில் முக்கியமானவர். 1962இல் வந்த அவர்களுடைய பெரிய புத்தகம் அந்தத் துறைக்கே பால பாடம். அப்படிப்பட்டவர் அதன் பிறகு கிளம்பி வலென்சியா, முர்சியா, அலிகாந்தே என்று போய், விவசாயிகள் உண்மையில் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்று ஆராய்ந்தார். கூட ரேமண்ட் ஆண்டர்சன் என்ற பொருளாதார அறிஞர்.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். முறை வைத்துப் பாய்ச்சுவது, பங்குப்படி பாய்ச்சுவது, பயிருக்குப் பயிர் முன்னுரிமை கொடுப்பது, சந்தையில் விற்பது என்று தாங்கள் ஸ்பெயினிலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் பார்த்த விதிகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, ஒரு மாதிரிப் பாசனப் பகுதியில் தண்ணீரைக் குறைத்துக் குறைத்து ஓட்டிப் பார்த்தார்கள். இது 1971இல் அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியீடாக வந்தது, பெரிய புத்தகம் 1978இல். அதே வறட்சி, அதே தண்ணீர், அதே நிலம். ஆனால் விதியை மாற்றினால் மொத்த வருமானம் மாறுகிறது, யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதும் மாறுகிறது. மில்லிமீட்டர் மட்டும் போதாது, யார் காய வேண்டும் என்பதையும் மாதிரிக்குள் எழுத வேண்டும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். விவசாயிகள் எப்போதும் அதிக லாபம் தரும் விதியையே தேர்ந்தெடுப்பதில்லை. சண்டை முற்றாமல் இருப்பதும், நிர்வாகம் தங்கள் கையில் இருப்பதும், எல்லோரும் ஓரளவு பிழைப்பதும் அவர்களுக்கு அதே அளவு பெரிது. பிறகு எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் 1990இல் எழுதிய புத்தகத்திலும் வலென்சியாவின் வாய்க்கால்கள் வருகின்றன. அந்த அம்மையாருக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது. யுனெஸ்கோ கௌரவமும் அதே வருஷம்தான்.

கணக்கு போடுகிறவர்கள் ஏமாந்த கதையும் அதே ஸ்பெயினில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தென்கிழக்கில் முர்சியா பக்கம் மண் நல்ல மண், வெயில் நல்ல வெயில், தண்ணீர்தான் இல்லை. நடு ஸ்பெயினில் உள்ள தாஹோ ஆற்றின் தலைப்பகுதியிலிருந்து தண்ணீரைத் திருப்பி செகுரா ஆற்றுப் படுகைக்குக் கொண்டுவரலாம் என்று 1933லேயே லொரென்ஸோ பார்தோ என்ற பொறியாளரின் திட்டத்தில் யோசனை இருந்தது. 1979இல் அது நிறைவேறியது. ஏறக்குறைய 290 கிலோமீட்டர் நீளக் கால்வாய். முதல் கட்டமாக வருஷத்துக்கு 60 கோடி கன மீட்டர் வரை திருப்பலாம் என்று சட்டம். அந்தக் கணக்கு, 1980க்கு முந்தைய வருஷங்களில் ஆற்றில் வந்த நீரை வைத்துப் போட்டது. 1980க்குப் பிறகு தலைப்பகுதி அணைகளுக்கு வந்த நீர் பழைய சராசரியில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது! அங்கே இதற்கு "எண்பதின் விளைவு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மழைக் குறைவு ஒரு காரணம், வெப்பம் கூடியது ஒரு காரணம், மலைச்சரிவில் மேய்ச்சல் குறைந்து காடு வளர்ந்து அது நீரைக் குடித்தது இன்னொரு காரணம் என்கிறார்கள்.

ஆனால் கால்வாய் வரும் என்று நம்பி முர்சியா பக்கம் பாசன நிலம் பெருகிவிட்டது. பெருகிய நிலம் சுருங்குமா? நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். ஐரோப்பாவின் காய்கறித் தோட்டம் என்று பெயர் வாங்கினார்கள். வயலில் போட்ட உரம் கரைந்து, கரையோரம் இருக்கும் மார் மெனோர் என்ற உப்பங்கழியில் சேர்ந்தது. 2019 அக்டோபரில் அங்கே மீன்கள் மூச்சு முட்டிக் குவியல் குவியலாகச் செத்து ஒதுங்கின. மக்கள் கையெழுத்து வாங்கிப் போராடி, 2022இல் அந்த உப்பங்கழிக்கு ஒரு மனிதருக்கு இருப்பதுபோல் சட்ட உரிமை வாங்கிக் கொடுத்தார்கள். 2017இல் தாஹோவின் தலைப்பகுதி அணைகள் வற்றி, பல மாதம் பாசனத்துக்குக் கால்வாயில் தண்ணீரே விடவில்லை.

எனக்கு ரொம்ப நாள் புரியாத இன்னொரு விஷயம் சொட்டுநீர். 1965இல் இஸ்ரேலின் ஹட்சரிம் குடியிருப்பில் சிம்ஹா பிளாஸ் என்ற பொறியாளரின் யோசனையை வைத்துத் தொழிலாகத் தொடங்கியது இது. ஸ்பெயின் சர்க்கார் 2000க்குப் பிறகு ஏராளமாகப் பணம் போட்டு மண் வாய்க்கால்களைக் குழாயாக மாற்றியது. பாதித் தண்ணீர் மிச்சம் என்றார்கள். நானும் மேடையேறி அப்படித்தான் பேசியிருக்கிறேன். 2008இல் ஃப்ராங்க் வார்டு என்ற அமெரிக்கரும், வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மானுவல் புலிதோ-வெலாஸ்கெஸும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்காவின் ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையை மாதிரியாக ஓட்டிப் பார்த்து, சிக்கனப் பாசனத்துக்கு மானியம் கொடுத்தால் மொத்த நீர்ச் செலவு குறையாமல் கூடவும் கூடும் என்று அவர்கள் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

பிறகு நானே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஆற்றில் வருவது நூறு குடம், நூறும் வாய்க்காலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிர் குடிப்பது ஐம்பது. மீதி ஐம்பது வடிந்து கீழே உள்ளவனின் கிணற்றுக்கும் ஏரிக்கும் போகிறது. இப்போது சொட்டுநீர் போடுகிறேன். எழுபது குடம் எடுத்தால் போதும், முப்பது மிச்சம்! ஆனால் பயிர் இப்போது செழித்து அறுபத்தைந்து குடம் குடிக்கிறது, வடிவது ஐந்துதான். கீழே உள்ளவனுக்கு நான் விட்ட முப்பதும் இந்த ஐந்தும் சேர்த்து முப்பத்தைந்து. முன்பு அவனுக்கு ஐம்பது. அந்த முப்பதையும் விடாமல் நான் இன்னும் கொஞ்சம் நிலத்தைப் பாசனத்துக்குக் கொண்டுவந்தால் அவன் கதி என்ன?

வலென்சியாவுக்குப் பக்கத்திலேயே அல்புஃபெரா என்ற பெரிய ஏரி இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல். (பச்சை வயலும் தண்ணீரும் பார்த்து என் மனைவி கும்பகோணம் பக்கம் போய்வந்த மாதிரி இருக்கிறது என்றாள்.) அந்த ஏரிக்கு ஹூகார் ஆற்றுப் பாசனத்தின் வடிநீர்தான் முக்கிய வரத்து. மேலே குழாய் போட்டுச் சிக்கனம் செய்யச் செய்ய ஏரிக்கு வருவது குறைகிறது. நாம் வீணாய்ப் போனது என்று எழுதிய தண்ணீர் அந்த ஏரியின் சாப்பாடு.

சொட்டுநீரே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உரம் குறையும், ஆள் கூலி குறையும், ராத்திரி கண் விழிக்க வேண்டாம், மகசூல் கூடும். மிச்சமான தண்ணீர் யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைக்காமல் குழாயைப் போட்டால் ஆற்றுக்கு மிச்சம் வராது, அவ்வளவுதான்.

எழுதி வைத்துச் செய்த ஒரு முயற்சியையும் அதே ஹூகார் ஆற்றில் பார்க்கலாம். வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹோவாகின் அந்த்ரேயூவும் அவர் குழுவினரும் "அக்வாடூல்" என்ற ஒரு கம்ப்யூட்டர் மாதிரியை உருவாக்கினார்கள், 1996இல் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. ஆறு, அணை, வாய்க்கால், நிலத்தடி நீர், நகரம், வயல் எல்லாம் அதில் ஒரு வலைப்பின்னல். இன்றைக்கு அணையில் இவ்வளவு இருக்கிறது. வரப்போகும் மாதங்களில் ஆறு எப்படியெல்லாம் வரக்கூடும் என்று பல விதமாக வைத்து ஓட்டிப் பார்க்கும். பிறகு, இப்போது முழுப் பாசனம் விட்டால் அடுத்த கோடையில் அணை காலியாக இத்தனை சதவீத வாய்ப்பு, கொஞ்சம் குறைத்தால் இத்தனை என்று சொல்லும். முடிவு அது எடுக்காது. 2005 முதல் 2008 வரை அங்கே கடுமையான வறட்சி. அப்போது பாசன விவசாயிகளும் நகரங்களும் சர்க்காரும் உட்கார்ந்த வறட்சிக் குழுவின் முன்னால் இந்த எண்களை வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே தாள். மேலே லா மான்சா சமவெளியில் நிலத்தடி நீரை இறைப்பதால் ஆற்றுக்கு ஊறி வருவது குறைகிறது என்று தெரிந்தபோது, அந்த விவசாயிகளிடம் இந்த வருஷம் இறைக்காதீர்கள், நஷ்ட ஈடு தருகிறோம் என்று பணம் கொடுத்தார்கள். யார் காய்வது என்று கேட்டு, காய்கிறவனுக்குக் கூலியும் கொடுத்திருக்கிறார்கள். வேண்டா வெறுப்பாகத்தான் எல்லோரும் சம்மதித்திருப்பார்கள். நாலு சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா?

அந்த வியாழக்கிழமை சபை கலைந்தபின் கூட்டத்தில் நின்ற ஒரு வயதான உள்ளூர்க்காரரிடம் மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். வழக்கே இல்லாவிட்டாலும் இவர்கள் ஏன் வாராவாரம் இப்படி வந்து உட்கார்ந்து எழுந்து போகிறார்கள்? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னதை மகள் மொழிபெயர்த்தாள்: "வந்து உட்கார்வார்கள் என்று எல்லோருக்கும் தெரிவதால்தான் வழக்கு இல்லை."

அன்று சாயங்காலம் துரியா ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றேன். மகள் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். மரங்கள், சைக்கிள் பாதை, பந்து விளையாடும் பிள்ளைகள், தலைக்கு மேலே பழைய கல் பாலம். ஆறு எங்கே என்றேன். நாம் நிற்பதே ஆறுதான் என்றாள். 1957 அக்டோபரில் பெரிய வெள்ளம் வந்து ஊரை அழித்ததால், ஆற்றையே ஊருக்குத் தெற்கே புதிய பாதையில் திருப்பிவிட்டார்களாம். பழைய ஆற்றுப் படுகை பூங்காவாகிவிட்டது. ஆறே இடம் மாறின ஊரில் அந்த எட்டுப் பேர் மட்டும் இடம் மாறவில்லை.

அந்த வலென்சியா பன்னிரண்டு மணி, நமக்குக் குளிர்காலத்தில் மாலை நாலரை, கோடையில் மூன்றரை. வியாழக்கிழமைகளில் நான் காபிக்கு உட்காரும் நேரம். சேவகர் இந்நேரம் எந்த வாய்க்காலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஒன்றரை ஏக்கரும் கூடவே ஞாபகத்துக்கு வரும்.